வானத்தைத் துடைத்தவர்

ராயப்பேட்டையில் ஒரு போட்டோ கடையில் நிற்கிறேன். எங்கள் ஜவ்வாது மலையில் போனில் எடுத்த நட்சத்திர வானத்தைப் பிரிண்ட் போட வேண்டும். ஐந்து மணிக்குள் மயிலாப்பூரில் படப் போட்டிக்குக் கொடுத்தாக வேண்டும்.

கடைக்காரர் கம்ப்யூட்டரில் எதையோ தேய்த்துக்கொண்டே இருக்கிறார். எட்டிப் பார்க்கிறேன். வானம் மொழுமொழுவென்று கறுப்பாக இருக்கிறது.

"நட்சத்திரம் எங்கே?"

"அதுவா? தூசின்னு தொடச்சிட்டேன் நைனா. கல்யாணப் பொண்ணு மூஞ்சி மாதிரி இன்னா ஷோக்கா கீது பாரு."

"திரும்ப வையுங்க."

வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்குகிறார்.

"இம்மாம் நட்சத்திரத்த எவன் நம்புவான்? டூப்புன்னு தூக்கிப் போட்டுடுவானுங்க. பரிசு வோணும்னா பாதிய எடுத்துடவா?"

"எங்க மலைக்கு வந்து, மேலே வானத்தில் பாதியை எடுங்க. அப்புறம் இதில் எடுக்கலாம்."

ஒன்றைக்கூட எடுக்காமல் பிரிண்ட் போடுகிறார்.