சுமாராத்தான் இருக்கும், சாப்பிடுங்க

திங்கட்கிழமை என்றாலே இசபெல்லாவுக்குப் பயம். சனி, ஞாயிறு வட்டக்கானலில் தங்கிய கூட்டம் மலை இறங்கி, ஊர் போய்ச் சேர்ந்து, சாவகாசமாகப் போனை எடுத்து, தங்கிய இடத்துக்கு ஸ்டார் போடும் நாள் அது. மத்தியானத்துக்குள் ஜெபக்குமார் கூப்பிட்டுவிடுவான். கொடைக்கானல் டவுனில் இருந்துகொண்டு, வெளியூர் முதலாளிகளின் கெஸ்ட் ஹவுஸ்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர்.

"அக்கா, மூணு ஸ்டார். 'பேசிக்'னு போட்டிருக்காங்க."

"அது நல்லதா தம்பி, கெட்டதா?"

"நல்லதுன்னு சொல்ல முடியாதுக்கா. கெட்டதுன்னும் எழுதல."

"அப்ப என்னதான் எழுதிருக்காங்க?"

"வைக்கிறேன்க்கா" என்று ஜெபக்குமார் வைத்துவிடுவான்.

வட்டக்கானலில் இருந்த கெஸ்ட் ஹவுஸில் சமையல், ஆறு அறைகளையும் கூட்டிப் பெருக்குவது, சரிவுக்குக் கீழே இருக்கிற ஊற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது எல்லாம் இசபெல்லாதான். சம்பளத்தோடு, சமையலறைக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்திருந்தார்கள். அந்த அறையில்தான் அவள் புருஷன் ஜெரால்டு படுத்துக் கிடந்தான். ஜீப் ஓட்டியவன். மழையில் ஒரு வளைவில் ஜீப் கவிழ்ந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. டவுனில் அவர்கள் குடியிருந்த வீட்டை, டூரிஸ்ட்டுக்கு விட்டால் லாபம் என்று அதன் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. ஆக, மலையில் அவர்களுக்கு மிஞ்சிய கூரை அந்த ஓர் அறைதான்.

சென்னை முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: ரேட்டிங் நாலுக்குக் கீழே போனால் ஆளை மாற்றிவிடுவேன். அது இப்போது நாலை ஒட்டிக்கொண்டு நின்றது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் இசபெல்லா. அங்கே ரிப்போர்ட் கார்டில் 'குட்' போடுவார்கள், இல்லாவிட்டால் 'பூர்' போடுவார்கள். பூர் என்றால் வீட்டில் உதை. விஷயம் அத்தோடு தீர்ந்தது. போனில் வருகிற இங்கிலீஷ் அப்படி இல்லை. 'ஆவரேஜ்' என்றார்கள், 'டீசன்ட்' என்றார்கள், 'ஷேபி' என்றார்கள். 'சப்-ஸ்டாண்டர்ட்' என்று ஒருவர் தண்ணீரைச் சொன்னார். அடிப்பதும் இல்லை, அணைப்பதும் இல்லை. ஒரு பையன் 'மெஹ்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

"அப்படின்னா?"

"அது வார்த்தையே இல்லக்கா. ஆடு கத்துமே, அது மாதிரி."

ஜெரால்டு படுக்கையிலிருந்தே சிரித்தான். "மன்னவனூர் ஆட்டுப்பண்ணைலருந்து நேரா இங்க வந்துட்டான் போல."

அவளும் சிரித்தாள். ஆனாலும் உறுத்தியது. அந்தப் பையன் இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டவன். "சூப்பர் ஆன்ட்டி" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போனான்.

அப்புறம் ஒரு நாள் 'மீடியோக்கர்' வந்தது. ஜெபக்குமார் யோசித்து யோசித்துச் சொன்னான்: "ரொம்ப மோசமும் இல்ல, ரொம்ப நல்லதும் இல்லக்கா. நடுவாந்தரம். நாம சுமாருங்கிறோம்ல, அது."

அந்த வார்த்தையை அவள் வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். கோயில் பிரசங்கத்தில் வருவது போலக் கனமாக இருந்தது.

சுமார் என்று சொல்வது அவள் வீட்டு வழக்கம். அவளுக்குத் தெரிந்த எல்லார் வீட்டு வழக்கமும் அதுதான். வந்தவருக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு, "ஏதோ சுமாரா வச்சிருக்கேன், கோவிச்சுக்காம சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். தன் சட்டியைத் தானே மெச்சுகிறவளை ஊர் சிரிக்கும். அதற்குச் சாப்பிடுகிறவர், "அட, இதுவா சுமாரு?" என்று சொல்வார். பரிமாறுகிறவள் பாதி, சாப்பிடுகிறவர் பாதி. தமிழ்க் குடும்பங்கள் தங்கினால் அந்தப் பேச்சு முழுசாக நடக்கும். தமிழ் தெரியாதவர்களிடம் இத்தனை வருஷமும் ஒன்றும் சொல்லாமல், மரியாதை தெரியாதவள் மாதிரி தட்டை வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். இனி அவர்களுக்கும் இங்கிலீஷிலேயே சொல்லலாம்.

அந்த வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. வெளியே பனி கதவுவரை வந்து நின்றது. பண்ணைக்காட்டு மிளகை அம்மியில் நுணுக்கிப் போட்டுக் கோழிக்குழம்பு வைத்திருந்தாள். சப்பாத்தியைச் சூடாகப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"சார், மேடம், ஃபுட் மீடியோக்கர் ஒன்லி. ப்ளீஸ் அட்ஜஸ்ட்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். அந்தப் பெண் ஆர்வமாக, "அண்ட் தி ரூம்?" என்று கேட்டாள்.

"ரூம் ஆவரேஜ், மேடம். வாட்டர் லிட்டில் சப்-ஸ்டாண்டர்ட்."

மறுபாதிக்காக இசபெல்லா காத்து நின்றாள். அது வரவில்லை. ஆனால் சட்டி காலியாயிற்று. கிளம்பும்போது அந்தப் பெண் அவளைத் தோளோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை போன் வரவில்லை. ஜெபக்குமாரே பைக்கில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் படித்துக் காட்டினான்.

"'இந்த இடத்தைப் பத்தி நாங்க எழுத ஒண்ணுமில்ல. கேர்டேக்கரே சொல்லிட்டாங்க, சாப்பாடு மீடியோக்கர், ரூம் ஆவரேஜ், தண்ணி சப்-ஸ்டாண்டர்ட். அந்த நேர்மைக்கு அவங்களுக்கு அஞ்சு ஸ்டார். இடத்துக்கு ரெண்டு.' உங்க போட்டோவும் இருக்குக்கா. ஊரே பாத்துச் சிரிக்குது."

"நான் மரியாதைக்குச் சொன்னேன் தம்பி."

"இதுல என்னக்கா மரியாதை?"

"பின்ன? நான் ஆக்கினது பிரமாதம்னு நானே சொல்லவா? உங்க அம்மா சொல்வாங்களா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "சொல்ல மாட்டாங்க. ஆனா இத ஓனருக்கு நான் எப்படி வெளங்க வைப்பேன்? உங்களுக்காக மூணு தடவை பேசிப் பாத்துட்டேன். 'நல்ல லேடிதான், பிசினஸுக்கு ஆகாது'ங்கிறாரு." தரையைப் பார்த்தபடி, "மாசக் கடைசிக்குள்ள ரூமை விட்டுருங்கக்கா" என்றான்.

சாயங்காலம் ஜெரால்டுக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வத்தலக்குண்டுல என் தங்கச்சி வீட்டுல ஒரு மூலை கெடக்கும்" என்றான் அவன்.

"மூலை கெடக்கும்." துணியைத் தண்ணீரில் முக்கியபடி கேட்டாள்: "ஏங்க, நெசத்தச் சொல்லுங்க. என் குழம்பு எப்படி இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும்."

"தான்னா?"

"இருக்கும்டி. பசிக்கு நல்லா இருக்கும். என்னத்தக் கேட்டுக்கிட்டு."

துணியைப் பிழிந்து வெளியே போட்டாள். ஊற்றின் பக்கம் போய், மோட்டார் ஓடாத நேரத்தில் அங்கே வெகுநேரம் நின்றாள். இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டதை நாக்கில் நினைவுபடுத்திப் பார்த்தாள். காரமா, உப்பா, ஒன்றும் பிடிபடவில்லை.

காலி செய்யும் நாளன்று புது ஆள் வந்தாள். பொன்னுத்தாய் என்று பேர், பண்ணைக்காட்டுக்காரி. கையில் ஒரு பை, முகத்தில் பயம். இசபெல்லா டீ போட்டு எடுத்துவந்தாள். டம்ளரைக் கீழே வைக்கும்போதே வாய் தன்னால் திறந்தது. மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த தமிழ் மனுஷிக்கு முன்னால் 'சுமாராத்தான் இருக்கும்' என்று சொல்லாமல் அவள் எதையும் வைத்ததில்லை. இன்று வைத்தாள்.

பொன்னுத்தாய் டம்ளரைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"என் மேல கோவமாக்கா? நானா கேட்டு வரலக்கா. வரச் சொன்னாங்க, வந்தேன்."

"கோவமெல்லாம் இல்ல. குடி."

குடிக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது. ஜெரால்டை ஏற்றிப்போக வந்த ஜீப், கீழே வளைவில் நின்று ஹார்ன் அடித்தது.