மாடு கறந்த தங்கையும் அதை மறைத்த நானும்

என் தங்கை வெளிநாட்டில் மாடு கறந்து வாழ்ந்தவர். அதை நான் உறவினர்களிடம் மறைத்தேன். அவராகவே உண்மையைச் சொன்னபோது, சபையில் அதைப் பொய்யாக்கினேன். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அன்று என் மகனின் கல்யாண மண்டபத்தில் இருந்தீர்கள். அவரைப் பற்றி எதை எழுத உட்கார்ந்தாலும் இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னைவிடப் பத்து வயது இளையவர். இருந்தவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். இந்தப் பக்கங்களிலாவது மரியாதையாக எழுதுகிறேன்.

தங்கை பிறந்தது கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, எங்கள் தோட்டத்து வீட்டில். அம்மா சீக்கிரமே தவறிவிட்டதால், பள்ளி முடித்த கையோடு வீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நான் கோவையில் படித்து, கல்லூரி ஆசிரியராகி, அங்கேயே தங்கிவிட்டேன். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது தங்கைதான். தங்கையை மணந்த மாப்பிள்ளை வேளாண்மை படித்தவர். கிணறு வற்றித் தென்னை காய்ந்தபின், நியூசிலாந்தின் தென்தீவில் ஒரு பால் பண்ணையில் இருவருக்கும் வேலை கிடைத்தது. குழந்தைகள் இல்லை. கிளம்பிவிட்டார்கள்.

வெளிநாடு என்றதும் நாம் நினைப்பது போன்ற இடம் அல்ல அது. புல், வேலி, மழை. அடுத்த வீட்டுக்குக் காரில்தான் போக வேண்டும். விடியுமுன் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மாடுகளை ஓட்டி வருவார்கள். இயந்திரத்தில் கறந்து, கொட்டகையைக் கழுவி, கன்றுகளுக்குப் பால் காட்டி முடிப்பதற்குள் மாலைக் கறவை வந்துவிடும். நல்ல நாள், பெரிய நாள் என்று எதுவும் கிடையாது. தங்கை ஜன்னலோரம் வைத்த கறிவேப்பிலைச் செடி ஒவ்வொரு குளிரிலும் மொட்டையாகும். ஒவ்வொரு வருடமும் அதை ஏன் காப்பாற்றினாரோ தெரியாது.

நான் ஊரில் சொன்னது வேறு. மாப்பிள்ளை பெரிய கம்பெனியில் அதிகாரி என்றேன். வெளிநாடு போயும் மாடா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன்.

என் மகனுக்குச் சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தில் பெண் அமைந்தது. ஆவணியில் முகூர்த்தம்.

"ஏனுங்ணா, தையில வெக்கக்கூடாதுங்களா? ஆவணியில இங்க மாடெல்லாம் கன்னு போடுமுங்க" என்று தங்கை போனில் கேட்டார்.

"மாட்டைக் கேட்டா முகூர்த்தம் வெப்பாங்க அம்மணி?"

மாப்பிள்ளையைப் பண்ணையில் தனியே விட்டுவிட்டு அவர் மட்டும் வந்தார். என் மகனுக்கு உடன்பிறந்த பெண் இல்லை. மணப்பெண்ணுக்கான கூறைச்சேலைத் தட்டை அத்தைதான் ஏந்தி முன்னே நடக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தட்டை எடுக்கப் போனவரின் விரல்களைச் சம்பந்தியம்மா பார்த்தார். நகக்கண்ணெல்லாம் பழுப்புக் கறை, தோலில் வெடிப்பு.

"கையில என்னங்க, மருதாணிங்களா?"

"இல்லீங்க. கன்னுக்குட்டித் தொப்புளுக்கு வெக்கிற மருந்துங்க. நாங்க பால் பண்ணையில..."

"வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க" என்று நான் குறுக்கே புகுந்தேன். சிரித்தும் வைத்தேன். பிறகு தங்கையிடம் மெதுவாக, "கை நல்லால்ல. தட்டை வேற ஆராச்சும் எடுக்கட்டும்" என்றேன். பெரியப்பா மகள் எடுத்தார்.

பந்தி முடிவதற்குள் தங்கை கிளம்பிவிட்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். விமானம் மறுநாள் என்பது எனக்குத் தெரியும். அதன்பின் அவர் ஊருக்கு வரவே இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் போனில் நலம் விசாரித்தோம்.

ஓய்வு பெற்று, கால் வலியும் வந்தபிறகுதான் நான் அங்கே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டபோதெல்லாம் தங்கை, "சாப்பிடுங்ணா, ஆறிப்போகுது" என்று பேச்சை மாற்றினார். ஒரு நாள் கறவைக் கொட்டகையில் அவருக்கு எதிரே போய் நின்றேன்.

"காலேஜுல நிக்கற மாதிரி அங்க நிக்காதீங்க மச்சான், மாடு ஒதைச்சுப்போடும்" என்றார் மாப்பிள்ளை.

தங்கை சிரிக்கவில்லை. கறவைக் குழாயை மாட்டிக்கொண்டே பேசினார். "தட்டை ஆரு எடுத்தா என்னங்ணா. வெளையாட்டுன்னு சொல்லிப்போட்டீங்களே. நானும் அவரும் குளுருல நின்னு பொழைக்கிற பொழப்புங்ணா இது. இது வெளையாட்டுங்களா?"

அங்கேயே நின்றபடி சம்பந்தியம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். கொட்டகையையும் தங்கையையும் காட்டி, அன்று நான் சொன்னது பொய் என்றேன்.

"அட, அது அன்னைக்கே தெரியுமுங்களே. எங்கூட்லயும் ரெண்டு மாடு நிக்குதுங்க, அந்தக் கறை தெரியாதுங்களா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?"

"சம்பந்தி சபையில சொன்னதை மறுத்துப் பேசறதுங்களா? மருவாதிக்கு விட்டுட்டோமுங்க. போனை அவிங்ககிட்டக் குடுங்க. ஏனுங் அம்மணி, ஒரு மாடு எவ்வளவு கறக்குமுங்க?"

இருவரும் வெகுநேரம் மாடுகளைப் பற்றியே பேசினார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பொய்யை நம்பியவர் யாருமில்லை. அது வலித்தது தங்கை ஒருவருக்குத்தான்.

நான் கிளம்பும்போது, வைகாசிக் கடைசியில் மாடுகள் பால் வற்றியதும் ஊருக்கு வருவதாகச் சொன்னார். "வந்தா, என்ன வேலைன்னு ஆராச்சும் கேப்பாங்க. நீங்கதான் சொல்லோணும். நான் பக்கத்துல நின்னு கேக்கோணும்."

"சொல்றேன் கண்ணு."

சித்திரையில் வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குப் போனவருக்கு நோய் முற்றியிருந்தது. வைகாசி முடிவதற்குள் போய்விட்டார். என் உடல்நிலையில் மீண்டும் அவ்வளவு தூரம் போக மருத்துவர் சம்மதிக்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடித்துணி போட அங்கே யாருமில்லை. பண்ணைக்கு அருகில் உள்ள சின்ன ஊரின் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

துக்கம் கேட்டு வந்த உறவினர்களுக்கும், எட்டாத தூரத்திலிருந்தும் தினமும் மாப்பிள்ளையிடம் பேசி அவரைத் தேற்றிய சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக, இந்த மலரைப் படிக்கத் தெரியாத இருவருக்கு. பக்கத்துப் பண்ணைத் தம்பதி அடக்கத்தன்று யாரும் கேட்காமலே வந்து, தங்கையின் மாடுகளையும் கறந்துவிட்டு, அந்த பூட்ஸோடு இடுகாட்டுக்கு வந்தார்களாம். குழியருகே அந்த மனிதர் முன்னால் வந்து, இவர் கையால் பால் குடித்து வளர்ந்த கன்றுகள்தான் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளில் எல்லாம் இன்று பசுக்களாக நிற்கின்றன என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம். நான் சொல்வதாக ஒப்புக்கொண்டதை அவர் சொல்லிவிட்டார். அவருக்கும் அவர் மனைவிக்கும் என் நன்றி.