பட்டறைக்குப் போர்வை

வெங்காயம் உரிக்கிறவங்களுக்கு ஒரு நிமிஷம்தான் கண்ணுல தண்ணி. விதை வெங்காயத்தைக் காப்பாத்துறவனுக்குப் புரட்டாசியில ஆரம்பிச்சா தை வரைக்கும் தண்ணிதான். பட்டறை போட்டுக் குடுக்குறது என் தொழில். கல்லு பரப்பி, அது மேல குச்சி அடுக்கி, நாலு பக்கமும் காத்து ஓடுற மாதிரி படல் கட்டி, தலைக்கு மட்டும் கீத்து வேயுற சின்னக் கொட்டாய்தான் பட்டறை. ஐப்பசி மழையையும் மார்கழிப் பனியையும் தாண்டி உள்ள இருக்குற வெங்காயம் கெடாம இருந்தா தைப்பட்டத்துல நடலாம். என் அரை ஏக்கருக்கும் விதை, எங்க வூட்டுக்குப் பின்னால இருக்குற பட்டறையிலதான். அது போச்சுன்னா அந்தப் பட்டத்துக்கு நிலம் சும்மா கெடக்கும். பட்டறை வச்சிருக்கிற சக பாவிங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லவே வேணாம்.

காது குத்துன பட்டறை

செட்டிகுளம் பெரியசாமிக்குப் போன புரட்டாசியில பட்டறை போட்டுக் குடுத்தேன். காத்து ஓடணும், மூடிப்புடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுனாரு.

மழை விட்ட மறுநாள் எட்டிப் பார்த்தா பட்டறையையே காணோம். மக காதுகுத்துக்கு வச்ச பிளெக்ஸ் பேனரைத் தரை வரைக்கும் சுத்திக் கட்டியிருக்காரு. முன்பக்கம் புள்ள சிரிக்குது, பின்பக்கம் தாய்மாமனுங்க கறுப்புக் கண்ணாடி போட்டு நிக்குறாங்க. உள்ள கையை விட்டா இட்லிப் பானை கணக்கா வேர்த்து ஊத்துது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வெங்காயத்தைக் கரண்டியிலதான் அள்ளணும். நாலு பேரு முன்னாடி அவரைக் காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சிட்டு அருவாளை எடுத்தேன். மனுஷன் பதறிக் குறுக்க வந்தாரு.

"பனி உள்ள போவக் கூடாதுன்னுதாங்க மூடுனேன். கிழிக்கிறதுன்னா ஓரமா கிழிங்க, புள்ள மூஞ்சில அருவா படாம."

பிரிட்ஜுக்குள்ள கொல்லை

ஆண்டிமடத்துல ஒரு ரிட்டயர்டு சார். ஆயுசு பூரா ஆபீஸ்ல பேனா புடிச்சவரு, முந்திரிக் கொல்லை ஓரமா கொஞ்சம் வெங்காயம் வைக்க ஆசைப்பட்டாரு. பட்டறை எதுக்குய்யான்னு என்னையே கேட்டாரு. பனிக்கட்டி கொட்டுற தேசத்துல எவரோ பூச்செடியோட கிழங்கைத் தோண்டி பிரிட்ஜுல வச்சுக் காப்பாத்துற வீடியோவைப் போன்ல காட்டுனாரு. அவங்களுக்குக் குளிர்தான் பயம், நமக்கு ஈரம்தான் பயம்னு சொல்லிப் பார்த்தேன். போன்ல பேசாதவன் பேச்சு எங்க ஏறும்?

கார்த்திகையில கூப்பிட்டு விட்டாரு. போய்ப் பார்த்தா பிரிட்ஜு காய்கறித் தட்டுல பச்சைப் பசேல்னு ஒரு கொல்லையே நிக்குது. தண்ணி பாய்ச்சாம, களை எடுக்காம, கரண்டு பில்லுலயே வளர்ந்த வெங்காயம். அவரு வூட்டம்மாதான் பேசுனாங்க.

"வெங்காயத்துக்கு எடம் வேணும்னு தோசை மாவை வெளிய வச்சாரு. மாவு புளிச்சிருச்சு, வெங்காயம் மொளைச்சிருச்சு, இனிமே எதைக் காப்பாத்தப் போறாருன்னு கேளுங்க."

வராத புயல்

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவன் கதையையும் சொல்லணுமே. பெரியசாமி பட்டறையில ஓரமா கிழிச்சுப் பிரிச்ச பிளெக்ஸை, எதுக்காவது ஆகும்னு நான்தான் வண்டியில கட்டிக்கிட்டு வந்திருந்தேன். மார்கழி பொறந்ததும் புயல்னு சேதி. கீத்து மாத்தணும்னு ஊரெல்லாம் என்னைக் கூப்பிடுறாங்க. கெளம்புற அவசரத்துல எங்க பட்டறையைப் பார்த்தா கூரையில அங்கங்க வானம் தெரியுது, கீத்து ஒழுகி உள்ள ஈரம் வேற. ஒரு நாளைக்குத்தானேன்னு அந்த பிளெக்ஸைத் தரை வரைக்கும் சுத்திக் கட்டிட்டுப் போயிட்டேன்.

புயல் வரல. நான் அவுக்கவும் இல்ல. அலுத்துப் போய் வர்றது, சாப்பிட்டுப் படுக்குறது. அவுத்து விடுங்கன்னு என் வூட்டுக்காரி சரசு மூணு தரம் சொன்னா. எனக்கே பட்டறை சொல்லித் தர்றியான்னு எகிறுனேன். பத்தாம் நாள் நாத்தம் அடுப்படிக்கே வந்திருச்சு. படலைப் பிரிச்சா கொழகொழன்னு கையில ஒட்டுது. பொறுக்கிப் பார்த்தா ஒரு கூடைகூடத் தேறல. அங்கேயே உக்காந்து அழுதேன், சொல்றதுக்கென்ன வெக்கம். சரசு கூடையைக் கீழ வச்சா.

"ஊரு பூரா கிழிச்சுக்கிட்டுத் திரியிற கையி, நம்மளதை மட்டும் பொத்தி வச்சிருச்சே."

புள்ள சிரிச்சது

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில பெரியசாமி வந்து நின்னாரு. அவரு வெதை ஒண்ணுகூடக் கெடலையாம், சருகு கலகலங்குதாம், அதைச் சொல்லத்தான் வந்திருக்காரு. நான் மறைக்கிறதுக்குள்ள கொல்லைப் பக்கம் போயிட்டாரு. அழுகுன குவியல் மேல அவரு மக சிரிச்சுக்கிட்டு கெடக்குது. காத்துல பறந்து வந்திருக்கும்னு உளறுனேன். செட்டிகுளத்துலேருந்தா?

திட்டியிருந்தா தேவலாம். மனுஷன் குனிஞ்சு ஒரு வெங்காயத்தை எடுத்து மோந்து பார்த்துட்டுப் போட்டாரு. பிளெக்ஸைப் பதனமா மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு.

"அன்னிக்கு நீங்க கிழிக்கலைன்னா எனக்கும் இதே கதிதானுங்க. வெதை மிச்சம் இருக்கு, வந்து எடுத்துக்கிட்டு நடுங்க. வர்ற புரட்டாசிக்கு உங்க பட்டறையை நானே வந்து போட்டுத் தரேன்."

நட்டாச்சு, மொளைச்சும் ஆச்சு, இப்பல்லாம் எவர் வூட்டுப் பட்டறையைக் கிழிக்கக் கெளம்பினாலும் எங்க கொல்லைப் பக்கம் ஒரு தரம் மோந்து பார்த்துட்டுத்தான் அருவாளைத் தொடுறேன்.