உறைந்த ஏரியில் இரும்பு

கரிக்கலாம்பாக்கத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் என் வீட்டுக்காரருக்கு வேலை இருக்காது. அவர் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறார். வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது மிஷின் எங்கே இறங்கும்? சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். ஒரே வாரத்தில் வீட்டிலுள்ள எல்லாக் கதவின் கீலுக்கும் எண்ணெய் போட்டு முடித்துவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல் என்னைப் பார்ப்பார்.

கல்யாணமான இரண்டாம் வருஷ மழையில் என் லேப்டாப்பில் ஒரு கேம் போட்டுக் காட்டினேன். ஆளில்லாத காட்டில் ஒருவன் கண்விழிக்கிறான். கல்லைத் தட்டிக் கோடாலி செய்யணும், மரம் வெட்டணும், குடிசை கட்டணும், சாகாமல் இருக்கணும். அவ்வளவுதான். அவருக்குக் கீபோர்டு பிடிபடவில்லை. எனக்கு மவுஸைப் பிடித்துக் குறிபார்த்து வெட்ட வரவில்லை. அதனால் நான் நடத்துவேன், அவர் வெட்டுவார். இரண்டு பேர் சேர்ந்து ஒருத்தனைப் பிழைக்கவைத்தோம்.

முதல் குளிர்காலத்தில் அவன் செத்துப்போனான். நாங்கள் பனி கொட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம். எங்கள் தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. திரையிலோ வானமே பெயர்ந்து இறங்குகிறது, ஒரு சத்தமும் இல்லை. "நெசமாவே இப்படித்தான் கொட்டுமா?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தோம். விறகு தீர்ந்ததைக் கவனிக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை இலை பழுக்கும்போதே மீனைக் காயப்போட்டோம், விறகைக் கூரை உயரத்துக்கு அடுக்கினோம். குளிர் வந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோலில் சட்டை தைத்தோம், பலகை அறுத்தோம். கொஞ்ச நாளில் செய்ய ஒன்றுமே மிஞ்சவில்லை. வசந்தம் வரும்வரை அவனைத் தூங்கவைத்துவிடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீராவது எடுத்துவருவோம் என்றார்.

ஏரிக்குப் போனோம். கரை எங்கே முடிகிறது என்று தெரியாமல் நான் கீயை ஒரு நொடி கூடுதலாக அழுத்திவிட்டேன். ஆள் ஏரிக்குள் இறங்கினான். மூழ்கவில்லை. நடந்தான்.

மவுஸிலிருந்து அவர் கை தானாக விலகியது.

"இன்னாடி இது, தண்ணிமேல நிக்கிறான்!"

குனிந்து பார்க்கவைத்தேன். கண்ணாடிபோல் இருந்த பனிக்கட்டிக்குக் கீழே மீன்கள் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் எங்கோ அடியிலிருந்து மாடு கத்துவதுபோல ஒரு நீண்ட ஓசை. பாகூர் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர் அவர். தண்ணீர் இப்படியும் ஆகும் என்று நினைத்ததே இல்லை என்று மெதுவாகச் சொன்னார்.

ஏரி நடுவில் ஒரு தீவு உண்டு. கோடை முழுக்க அதைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறோம். நீந்தினால் பாதி தூரத்தில் மூச்சு போய்விடும். இப்போது அங்கே நடந்தே போய்ச் சேர்ந்தோம். பாறையெல்லாம் செம்புள்ளி. இரும்புக் கல்! குளிர்காலம் கதவடைத்துக் கிடப்பதற்கு என்று இருந்தோமே, இந்தத் தீவுக்கு வழி திறப்பதே அப்போதுதான்.

பலகைகளைக் கட்டி ஒரு சறுக்குவண்டி செய்தோம். தினமும் விடிந்ததும் போய் வெட்டி, ஏற்றி, இழுத்துவருவோம். குடிசை ஓரம் கல் குவிந்தது. வெளியே மழை விட்டதா என்று எட்டிப் பார்க்கக்கூட அவர் எழவில்லை.

ஒரு நாள் பாதி ஏரியில் வரும்போது காலடியில் கீறல் ஓடியது. வண்டியை விட்டுவிடு என்றார். ஒரு வண்டிக் கல்லாயிற்றே, எனக்கு மனசு வரவில்லை. இன்னும் பத்தடி இழுத்தேன். பின்பக்கம் பனிக்கட்டி பிளந்து வண்டி சாய்ந்தது.

"கல்லு கெடக்குது, ஆள காப்பாத்து" என்றார்.

கயிற்றை விட்டு ஓடினோம். கரையேறித் திரும்பியபோது வண்டி இல்லை, கறுப்பாய்த் தண்ணீர் மட்டும் இருந்தது.

குவித்து வைத்திருந்த கல் போதுமானதாக இருந்தது. உருக்கி இரும்புக் கோடாலி அடித்து முடிப்பதற்குள் வசந்தம் வந்து ஏரிப் பனி கரைந்துவிட்டது. நாற்பது வெட்டு கேட்ட மரம் ஆறில் சாய்ந்தது. ஆனால் அன்றைக்கு நாங்கள் அதிக நேரம் மரம் வெட்டவில்லை. அவனை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். தீவைச் சுற்றி அலையடித்தது. எங்கள் காலடி ஒன்றுகூட இல்லை.

"அங்கதான நடந்தோம்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.