சுடுதண்ணீரும் உப்புக் கதவுகளும்

என் மகளுக்கு ஏன் வலிப்பு வருகிறது என்று அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்களாம். ஒரு பிள்ளை பேய் என்றதாம். இன்னொன்று, தொட்டால் ஒட்டும் என்றதாம். அவள் வீட்டுக்கு வந்து, புத்தகப் பையைக் கழற்றாமலே நின்று, "அப்பா, நீங்களே அவையளுக்குச் சொல்லுங்கோ" என்றாள். எனக்கு நாலு பேர் முன்னால் நின்று கதைக்க வராது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பிறகு பிடித்தது பஸ் ஸ்டியரிங்தான். ஆகவே எழுதுகிறேன்.

பிள்ளைகளே, பேயும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. இது உப்பைப் பற்றியும் கதவுகளைப் பற்றியும் ஆன கதை. உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு படமாக வரக்கூடிய விஷயம்தான். எனக்கு அது விளங்குவதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

முதல் வலிப்பு வந்தபோது அவள் தவழவும் தொடங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம், இன்றும் அங்கேதான். சனிக்கிழமை என்றால் என் மனைவியின் அக்கா வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். பிள்ளைக்கு எண்ணெய் வைத்து முழுக வார்க்க வேண்டும். காலிரண்டையும் நீட்டி இருந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, நல்லெண்ணெய் பூசி, பிடித்துவிட்டு, அரப்புத் தேய்த்து, ஆவி பறக்கிற தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றுவார். பிள்ளை செக்கச் செவேலென்று சிவந்து போகும். அப்படிச் சிவந்தால்தான் அவருக்குத் திருப்தி.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஓட்டம் இல்லை. முன் அறையில் இருந்தேன். குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு என் மனைவி கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளையின் கண் ஒரு பக்கமாகச் சொருகியிருந்தது. ஒரு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"இரும்பு! கையில இரும்பைக் குடுங்கோ!" என்றார் அக்கா.

என் பொக்கெற்றில் பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பு இருந்தது. அதை அந்தச் சின்னக் கைக்குள் வைத்து அழுத்தினேன். ஒன்றும் நிற்கவில்லை. நிற்காது, பிள்ளைகளே, இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்படி யாருக்காவது வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, உடனே பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். அன்று இது எதுவும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தலைக்குள்ள குளிர் இறங்கிட்டுது. தண்ணி சூடு காணாது. இனி இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டு வார்க்கவேணும்."

"அக்கா, கூடச் சூடேறினா பஸ்ஸே றோட்டில நிண்டிடும்" என்றேன் பகிடியாக.

"நீர் உம்மட பஸ்ஸைப் பாரும் தம்பி. நான் மூண்டு பிள்ளையை முழுக வார்த்து வளர்த்தனான்."

அது உண்மைதான். அவருடைய மூன்று பிள்ளைகளும் கல்லுக்குண்டுகள் மாதிரி வளர்ந்தவர்கள். ஆகவே தண்ணீர் இன்னும் கொதித்தது. ஊற்றி முடித்ததும் சாம்பிராணிப் புகையும் பிடித்தார்கள். சில சனிக்கிழமைகளில் வலிப்பு வந்தது, சில சனிக்கிழமைகளில் வரவில்லை. காய்ச்சல் வந்தால் நிச்சயமாக வந்தது.

கிளினிக்கில் ஒரு மருந்து தொடங்கினார்கள். பல பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிற மருந்து. எங்கள் பிள்ளைக்கு அதைக் கொடுக்கக் கொடுக்க வலிப்புக் கூடியது. அளவைக் கூட்டினார்கள். இன்னும் கூடியது. நடக்கத் தொடங்கியவள் நடந்துகொண்டிருக்கும்போதே தலை குத்திச் சரிந்தாள். "வலிப்பு வருமுன் என்ன நடந்தது?" என்று டொக்டர்மார் ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். "ஒண்டுமில்லை" என்றோம். பொய் சொல்லவில்லை. சனிக்கிழமை பிள்ளையை முழுக வார்ப்பதை ஒரு நடப்பு என்று எங்கள் வீட்டில் யாரும் நினைப்பதில்லை. காலையில் கதவைத் திறந்தோம், மூச்சு விட்டோம் என்று யாராவது சொல்வார்களா?

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பஸ் ஓடும்போது போன் எப்போது அடிக்கும் என்று காது ஒரு பக்கம், ஹோர்ன் சத்தம் ஒரு பக்கம். பம்பலப்பிட்டியில் இறங்க மணி அடித்த சனத்தை வெள்ளவத்தைவரை கொண்டுபோய்விட்டேன். பின்னால் இருந்து சிங்களத்திலும் தமிழிலும் ஏச்சு வந்தது. கொண்டக்டர் மட்டக்குளிக்காரர், என்னைவிட வாயாடி. முன்னுக்கு வந்து குனிந்து, "என்னா அண்ணே, எல்லாரையும் கல்கிசைக்குக் கடல் குளிக்கவா கூட்டிக்கிட்டுப் போறீங்க? சொல்லியிருந்தா துவாய் எடுத்துக்கிட்டு வந்திருப்பாங்கல்ல?" என்றார். சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த தரிப்பிலிருந்து ஒவ்வொன்றுக்கும் என் தோளில் தட்டி "நிப்பாட்டுங்கண்ணே, நிப்பாட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது கிளினிக்கில் வேறொரு டொக்டரைக் கண்டோம். பிள்ளைகளின் மூளை நரம்பைப் பார்க்கிறவர், யாழ்ப்பாணத்துப் பெண். அவர், "என்ன நடந்தது?" என்று கேட்கவில்லை. "அம்மா, முதல் முதல் வலிப்பு வந்த நாள் காலமை எழும்பினதில இருந்து செய்ததெல்லாம் சொல்லுங்கோ. விசர்க்கதையா இருந்தாலும் பரவாயில்லை" என்றார்.

என் மனைவி சொல்லத் தொடங்கினாள். பால் கொடுத்தது, அக்கா வந்தது, எண்ணெய் பூசியது, தண்ணீர் கொதிக்க வைத்தது.

டொக்டரின் பேனை நின்றது. "எவ்வளவு சூடு?"

"நல்ல சூடு டொக்டர்."

"பிறகு வந்த வலிப்புகள்?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என் மனைவியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிள்ளையின் இரத்தத்தை எடுத்துச் சோதிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பதில் வர இழுத்தது. அதுவரை சுடுதண்ணீர் வேண்டாம், இளஞ்சூடும் வேண்டாம், குழாயில் வருகிற தண்ணீர் போதும் என்றார்.

பதில் வந்த அன்று டொக்டர் ஒரு கடதாசியில் வட்டம் ஒன்று கீறினார். "இது மூளையில இருக்கிற ஒரு கலம், செல் எண்டுறது. வெளியில சோடியம் கூட, உள்ளுக்குப் பொற்றாசியம் கூட." சோடியம் என்றால் கடலிலும் எங்கள் கறியிலும் இருக்கிற உப்பில் ஒரு பங்கு. பொற்றாசியம் வாழைப்பழத்திலும் செவ்விளநீரிலும் இருப்பது. ஒவ்வொரு துகளும் கொஞ்சம் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு திரியும். சும்மா சுவருக்குள்ளால் அவற்றால் போக முடியாது. அவற்றுக்கென்று கலத்தின் சுவரில் நுண்ணிய கதவுகள் உண்டு. டொக்டர் அதற்கு அயன் கால்வாய் என்று பெயர் சொன்னார். நாங்கள் கதவு என்றே வைத்துக்கொள்வோம்.

பக்கத்துக் கலம் ஒன்று இந்தக் கலத்தைத் தட்டினால் சோடியக் கதவு திறக்கும். வெளியில் முண்டியடித்துக்கொண்டு நிற்கிற சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல்தான் மின்சாரம். அது பட்டதும் அடுத்த கதவு திறக்கும், அதற்கடுத்தது திறக்கும், இப்படி ஒரு அலை ஓடும். நீங்கள் இந்த வரியை வாசிப்பதும் அப்படிப்பட்ட அலைகளால்தான். திறந்த கதவு அப்படியே திறந்து கிடக்காது. தானாகவே அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் யார் தட்டினாலும் திறக்காது. அதற்குள் பொற்றாசியக் கதவு திறந்து, பொற்றாசியம் வெளியேறும். கலம் அமைதியாகும். இவ்வளவும் கண் இமைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

"விளங்குது டொக்டர்" என்றேன். "புறக்கோட்டையில முன்கதவால சனம் பாயும். முன்கதவை அடைச்சுப்போட்டுப் பின்கதவால இறக்கினாத்தான் பஸ் நோமலுக்கு வரும்."

"அதேதான் அப்பா. இப்ப உங்கட பஸ்ஸில பிரேக் எண்டு ஒண்டு இருக்குதல்லோ? மூளையிலயும் இருக்கு. சில கலங்கள் 'ஓடு' எண்டு சொல்லும். சில கலங்களின்ர வேலை 'பொறு' எண்டு சொல்லுறது. அந்தப் பொறு எண்டுற கலங்கள் படு வேகமா வேலை செய்யிறவை. அவைக்கு ஒரு வகைச் சோடியக் கதவு நிறைய வேணும். உங்கட பிள்ளைக்கு அந்தக் கதவு செய்யிற மரபணுக் குறிப்பின்ர ரெண்டு பிரதியில ஒண்டு பழுது. கதவு பாதிதான் இருக்கு."

"அப்ப பிரேக் பிடிக்காது."

"மெல்லமாப் போகேக்க பிடிக்கும். உடம்பு சூடேறினாப் பிடிக்காது. காய்ச்சல் எண்டாலும் சரி, சுடுதண்ணி எண்டாலும் சரி. சூட்டில கதவுகள் எல்லாம் அவசரப்படும். அது ஏன் இப்பிடி எண்டதில எங்களுக்கும் இன்னும் முழுசாத் தெரியாத இடங்கள் இருக்கு."

அன்று எங்களோடு அக்காவும் வந்திருந்தார். இப்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டொக்டர், இந்தப் பழுது எந்தப் பக்கத்தால வந்தது? எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை" என்றார்.

"ரெண்டு பக்கத்தாலயும் வரேல்லை அம்மா. இந்தப் பிள்ளையில புதுசா வந்தது."

அக்காவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அடுத்ததாக டொக்டர் சொன்னதுதான் என்னைக் கதிரையில் இருக்க விடவில்லை. நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த மருந்தின் வேலையே சோடியக் கதவை அடைத்துப் பிடிப்பதாம். மற்றப் பிள்ளைகளில் அது கண்டபடி ஓடுகிற கலங்களை அடக்கும். எங்கள் பிள்ளையில், மிஞ்சியிருந்த பிரேக் கதவுகளையும் சேர்த்து அடைத்துவிட்டது. முதலில் எழுதிக்கொடுத்தவரில் நான் பிழை சொல்லமாட்டேன். சனிக்கிழமைக் கதையை அவருக்கு நாங்கள் சொல்லவே இல்லை.

"இதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிப்பாட்டவேணும்" என்றார் டொக்டர். "வேற வகை மருந்து சேர்ப்பம். நீங்களா ஒரு நாளும் சட்டெண்டு நிப்பாட்டக் கூடாது, நான் சொல்லுற மாதிரித்தான். அடுத்த காய்ச்சல் வரேக்கதான் எங்களுக்கு நிலைமை விளங்கும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை. "வலிப்பு வாற பிள்ளைக்கு வலிப்பு மருந்தை நிப்பாட்டுறதோ? ஆரும் கேள்விப்பட்டதே?" என்றார் அக்கா. என் மனைவி பிள்ளையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். கடதாசியில் கீறிய ஒரு வட்டத்தை நம்பி என் பிள்ளையின் மருந்தைக் குறைக்கப் போகிறேன். டொக்டர் சொன்னது பிழையாகப் போனால்? அது சரியாக இருந்தாலும் எங்கள் பிள்ளைக்கு மட்டும் வேறு மாதிரி நடந்தால்?

ஆனாலும் குறைத்தோம். மருந்துக் குளிசையைக் கத்தியால் பாதியாக்குவதும், பிறகு காலாக்குவதும் என் மனைவியின் வேலை. என் வேலை நிற்பதும் நடப்பதும். காலையில் பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் படியில் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறிவந்து, தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "இப்பதானே பாத்தனீங்கள்" என்பாள் மனைவி. திரும்ப இறங்குவேன். பேலியகொடைப் பக்கம் நெரிசலில் பஸ் நின்றால் போன் எடுப்பேன். "ஒண்டுமில்லை, விளையாடுறாள், வையுங்கோ" என்று வரும். வைத்துவிட்டு, அவள் குரலில் ஏதும் வித்தியாசம் இருந்ததோ என்று யோசிப்பேன்.

அக்கா சனிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. எண்ணெய் பூசினார், பிடித்துவிட்டார். தண்ணீர் மட்டும் குழாயிலிருந்து வந்தது. தன் முழங்கையை வாளிக்குள் விட்டுப் பார்த்து, "இது குளிப்பாட்டுறதே? கோப்பை கழுவுறது" என்று முணுமுணுப்பார். பிள்ளை குளிரில் கூவிச் சிரித்தாள். விழுவது குறைந்தது. பழைய மருந்து முழுவதும் நின்ற பிறகு, சனிக்கிழமைகள் சும்மா கடந்து போயின. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்ற பயம் மூன்று பேருக்கும்.

பிறகு காய்ச்சல் வந்தது.

பின்னேரம். நான் வீட்டில் இருந்தேன். பாரசிற்றமோல் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் மனைவி. பிள்ளையின் கை ஒரு வெட்டு வெட்டியது. கண் சொருகியது. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன்: பக்கவாட்டில் சரித்தேன், கழுத்துப் பொத்தானைக் கழற்றினேன், கீழ் வீட்டுக்காரரிடம் ஓட்டோ பிடிக்கக் கத்தினேன். முன்பெல்லாம் ஆஸ்பத்திரி ஊசி இல்லாமல் அவளுக்கு வலிப்பு நின்றதே இல்லை. சந்தியில் இருந்து ஓட்டோ வர எவ்வளவு நேரம் செல்லும் என்று யோசித்தேன். மழை வேறு.

கை இழுப்பது மெதுவானது. விட்டு விட்டு இழுத்தது. பிறகு இழுக்கவில்லை. பிள்ளை ஒரு நீண்ட மூச்சு விட்டாள், எச்சில் வழிந்தது, கண் மூடியது.

"நிண்டிட்டுதே?" என்றாள் மனைவி.

"பொறு. பாப்பம்."

"நிண்டிட்டுதப்பா. ஊசி இல்லாமல் நிண்டிட்டுது."

கீழே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். டொக்டர் சொன்னபடி போகத்தான் வேண்டும், போனோம். ஓட்டோவின் மழைத்தாளுக்குள் ஒடுங்கி இருந்தபோது பிள்ளை கண் திறந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ஏன் பெரியம்மா வரேல்லை?" என்றாள். அன்று சனிக்கிழமைகூட இல்லை. என் மனைவி அழத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரி வாட்டில் அந்த டொக்டரே நின்றார். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "ஒரு தடவையை வைச்சு ஒண்டும் சொல்லேலாது அப்பா. இனியும் வரும், பள்ளிக்கூடம் போகேக்கயும் வரலாம். ஆனா பிரேக் பிடிக்குது."

என் மனைவி பிள்ளையின் கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்து எனக்குத் தந்தாள். "கொஞ்சம் இருங்கோவன்" என்றாள். இருந்தேன். பிறகு எழும்பி, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.