இரு மொழிகளில் ஒரு பொய்

நான் பொய் சொன்னேன். ஒரே நிமிடத்தில், இரண்டு மொழிகளில், இரண்டு பேரிடம்!

ஒருவர் நூரியா, ஸ்பெயினின் கத்தலான் மொழி நாவலாசிரியை. பார்சிலோனாவின் ஓவியக்கூடம் ஒன்றில் படங்களுக்குச் சட்டம் மாட்டும் வேலையில் தொடங்கி, கண்காட்சிகள் அமைப்பவராக உயர்ந்து, நாற்பது வயதுக்கு மேல் எழுத வந்தவர்.

ஆறுகளை வரைகிறவர்களைத் தேடி அவர் நெல்லைக்கு வந்தார். பாளையங்கோட்டையில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த நான் துணைக்குப் போனேன். என் நாவலின் ஆங்கிலப் பிரதியை முதல் நாளே அவரிடம் கொடுத்திருந்தேன். படித்தார். ‘நன்றி’ என்றார். அவ்வளவுதான்!

மற்றவர் முக்கூடலில் இருந்த என் நண்பர் ஜெபராஜ், பள்ளி ஓவிய ஆசிரியர். தாமிரபரணி வெள்ளத்தை அவர் வரைந்த பன்னிரண்டு படங்கள் அவர் வீட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தன. ஒரு படத்தின் முன் நூரியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்கள் கலங்கின... என் முந்நூறு பக்கங்களுக்குக் கிடைக்காத கண்ணீர்!

“எல்லாப் படங்களையும் பார்சிலோனாவில் வைக்கிறேன். அவரும் வர வேண்டும். கேளுங்கள்” என்றார் ஆங்கிலத்தில். ஜெபராஜுக்கு ஆங்கிலம் புரியாது.

நான் ஜெபராஜிடம் சொன்னேன்: “கை நல்லாத்தான் இருக்காம் வே. ஆனா அங்கன வைக்கிற அளவுக்கு இன்னும் வரலையாம்.”

“நெசமாவா அண்ணாச்சி? அந்தம்மா அழுதாகளே...”

“கண்ணுல தூசி வே.”

அவர் தலை குனிந்தது. நான் நூரியாவிடம் திரும்பினேன். “ஆற்றை விட்டு வரமாட்டாராம். படங்களையும் தரமாட்டாராம்.”

நூரியா எழுந்து ஜெபராஜை நோக்கிக் கைகூப்பினார்.

ஏன் செய்தேன்? பொறாமை என்ற ஒற்றைச் சொல் இதற்குப் போதுமா?

அதன் பிறகு ஜெபராஜ் தூரிகையைத் தொடவில்லை. நூரியாவோ மறுத்த ஓவியனை மறக்கவில்லை. வேறு பெயர் சூட்டி, தன் நாட்டு ஆற்றங்கரையில் அவனை வைத்து ஒரு நாவல் எழுதினார். பரிசுகளும் புகழும் அந்த நாவலால்தான் வந்தன. ஆங்கிலம் வழியாக அதைத் தமிழில் பெயர்த்தவன்... ஆம், நானேதான்!

சென்ற ஆண்டு நூரியா இறந்துபோனார். அவரிடம் இனி எதையும் திருத்த முடியாது.

போன வாரம் ஜெபராஜ் அந்தப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார்.

“ரெண்டே நாள்ல படிச்சு முடிச்சிட்டேன் அண்ணாச்சி. என்ன மனுசன்! அவ்வளவு பெரிய எடத்துல கூப்பிட்டும் போகலையே... என்னைய யாராவது கூப்பிட்டிருந்தா ஓடியிருப்பேன்.”

வாயைத் திறந்தேன்... சொல்லிவிடத்தான் திறந்தேன்!

“காப்பி போடச் சொல்லட்டா வே?” என்றேன்.

குடித்துவிட்டுப் போனார். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.