கயோம்போ மொழிபெயர்த்த பாலம்

கயோம்போ எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுபவர்; ஊர் வாயில் அவரும் 'டாக்டர்'தான். ஊரில் ஆங்கிலம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வெள்ளைக்கார டாக்டர் சொல்வதை நோயாளியிடம் எடுத்துச் சொல்வார். 'பிழைக்க மாட்டாய்' என்பதை 'கொஞ்சம் ஓய்வெடு' என்று மாற்றிச் சொல்வதும் அந்த வேலையில் சேர்த்திதான்.

சுதந்திரத்துக்கு முந்தைய கோடையில் விடுதலை இயக்கத்தின் தலைவர் எங்கள் ஊருக்கு வந்தார். அப்போதுதான் அவரைச் சிறையிலிருந்து விட்டிருந்தார்கள். கிழக்கே பிறந்தவர், எங்கள் லுவாலே மொழி அவருக்கு வராது. கயோம்போவைப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

தலைவர் அரசியல் சாசனம் பற்றிப் பேசினார். அதற்குச் சொல் கிடைக்காமல் கயோம்போ 'பெரிய சட்டம்' என்றார். புது வரி போலிருக்கிறது என்று சிலர் எழுந்து போனார்கள். மீன் விற்கும் நியாலுகமா கத்தினாள்:

"டாக்டரே, அந்த மனுஷன் வெயில்ல நின்னு என்னதான் சொல்றாரு? நமக்கு ஏதாச்சும் உண்டா, இல்லியா?"

கயோம்போ தொண்டையைச் செருமினார். "ஆத்துக்குப் பாலம் கட்டித் தர்றேங்கிறாரு."

பெண்கள் குலவையிட்டார்கள். அரசியல் சாசனத்துக்கு இப்படியொரு வரவேற்பைத் தலைவர் தலைநகரத்தில்கூடப் பார்த்ததில்லை. கயோம்போவை அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் கயோம்போவின் வாயால் பாலம் கிடைத்தது. ஆறே இல்லாத ஊருக்கு ஆஸ்பத்திரி.

தேர்தலில் எங்கள் பக்கத்து ஓட்டு மொத்தமும் அவருக்கே. நாட்டின் முதல் ஜனாதிபதியானார். கயோம்போ வீட்டு வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது.

"பாலம் கேட்டு வந்து உக்காந்திருக்காங்க," என்றாள் மனைவி குடெம்பா. "அத்தன பேருக்கும் நான் மரவள்ளி இடிக்கணுமா?"

ஒருநாள் ஜனாதிபதியே திரும்பி வந்தார். ஊர் ஒரே குரலில் பாலம் எங்கே என்று கேட்டது.

"என்ன கேக்கறாங்க?"

"உங்க உடம்பு சௌக்கியமான்னு கேக்கறாங்க, ஐயா."

"நல்லாருக்குன்னு சொல்லுப்பா. எல்லாம் அவங்க ஆசீர்வாதம்."

கயோம்போ கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "வந்துக்கிட்டே இருக்காம்."

"எங்கிருந்து? நடந்தா வருது?" என்ற நியாலுகமா, இரண்டு மீன்கூடைகளுக்கு நடுவே ஒரு துடுப்பைக் குறுக்கே வைத்து, அதன்மேல் இரண்டு விரல்களை நடத்திக் காட்டினாள்.

ஜனாதிபதி அந்த விரல்களையே பார்த்தார். "என் உடம்ப விசாரிக்கத் துடுப்பு எதுக்குய்யா?"

கயோம்போ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"எத்தன பாலம்?"

"அஞ்சு, ஐயா. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி."

"அப்போ சாசனத்துக்கு யாருமே கைதட்டலியா?"

"இல்லீங்க, ஐயா."

அந்தப் பதில்தான் அவரை அதிகம் வருத்தியதாகத் தெரிந்தது. கோபித்துக்கொள்ளாமல் ஜீப்பில் ஏறிப் போனார்.

அடுத்த கோடையில் எங்கள் ஊருக்கு மட்டும் மரப்பாலம் வந்தது. திறப்பு விழாவில் கயோம்போ கூட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதார். மற்ற ஊர்களுக்கு எதுவும் வரவில்லை. கயோம்போவும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அப்படி ஓர் ஊரில் இருந்த மச்சான் இறந்தபோது அவருக்கு வேறு வழியில்லை. ஆற்றின் மேல்பகுதியில் படகில் ஏறினார். நடு ஆற்றில் படகோட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"டாக்டரே, பாலம் இங்கதான் இருக்கு. இறங்கி நடங்க."

சாவுக்குப் போகிறேன் என்று கயோம்போ கெஞ்சிய பிறகுதான் கரை சேர்த்தான்.